சுடோகு போட்டால் மறதி வராதா?

கேள்வி (12 ஜூன் 2025)

அப்பாவுக்கு வயது 72. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாகப் பெயர்கள் சட்டென்று வாயில் வருவதில்லை. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டிவிடலாம் என்கிறான் அண்ணன். சுடோகு புத்தகமே போதும் என்பது என் கட்சி. மூளைக்குத் தினமும் வேலை கொடுத்தால் மறதி அண்டாது என்பது உண்மைதானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூன், இரவு

ஆப்பும் வேண்டாம், புத்தகத்துக்கும் அவசரமில்லை. முதலில் அப்பாவின் காது, அடுத்து ரத்தப் பரிசோதனை, அப்புறம் அவர் சாப்பிடும் மாத்திரைகள். இந்த மூன்றையும் பார்க்காமல் சுடோகு வாங்கிக் கொடுப்பது, பஞ்சரான வண்டிக்குப் பெட்ரோல் போடுவது மாதிரி.

விவரம் நாளை எழுதுகிறேன். இப்போது வீட்டுக்காரர் லைட்டை அணைக்கச் சொல்கிறார்.

13 ஜூன்

"நீங்கள் யார், டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. 1977இல் திருநெல்வேலியில் டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராக, அதாவது வெளியூர் போன் கால்களை இணைத்துக் கொடுப்பவளாகச் சேர்ந்தவள். எண்களை மனப்பாடம் செய்தே சம்பளம் வாங்கியவள். இப்போது வயது 69. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

எங்கள் வேலை எப்படி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தலையில் ஹெட்செட், முன்னால் போர்டு, கையில் கார்டு. ஒரு பக்கம் சென்னை லைனுக்காகக் காத்திருக்கும் மண்டிக்காரர், இன்னொரு பக்கம் "சீக்கிரம் போடுங்கம்மா" என்று அழும் குரல். சாதாரண கால், அர்ஜெண்ட் கால், லைட்னிங் கால் என்று மூன்று வகை. லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு கட்டணம். அது வந்தால் ஒன்று சாவுச் செய்தி, இல்லாவிட்டால் பஞ்சு விலை. டிக்கெட்டில் எழுதும்போதே அந்த எண் யாருடையது என்று தெரிந்துவிடும். டைரக்டரியைத் தொடவே வேண்டியதில்லை. மண்டி, லாரி ஷெட், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று எத்தனையோ நூறு எண்கள்.

அதில் பாதி இன்றைக்கும் நாக்கு நுனியில் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண்ணின் பெயர் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. அவளை "கண்ணு" என்றே கூப்பிட்டுச் சமாளிக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 1980இல் அது வெளிவந்தது. காதில் விழும் இலக்கங்களை வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் நம்மைப் போல ஏழு இலக்கம்தான் சொன்னார். ஒன்றரை வருடத்துக்கு மேல் பழகிய பிறகு 79 இலக்கம் வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர், இலக்கங்களை எல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றி அடுக்கிக்கொண்டார். சரி, எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறோடு நின்றுவிட்டது.

அவருக்கு ஓட்டம், எனக்கு மண்டி. நினைவாற்றல் என்று பொதுவாக ஒன்று இரண்டு பேருக்குமே வளரவில்லை. சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

14 ஜூன்

சந்தா கட்டத் துடிக்கும் அண்ணனுக்கு: லுமோசிட்டி என்ற ஆப்பை நடத்திய நிறுவனம், வயதாவதால் வரும் மறதியைத் தங்கள் விளையாட்டுகள் தடுக்கும் என்று விளம்பரம் செய்தது. ஆதாரம் போதாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2016இல் 20 லட்சம் டாலர் கட்டச் சொல்லி முடித்தது. அந்தச் சந்தாப் பணத்துக்கு அப்பாவுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள், நடப்பார்.

20 ஜூன்

நேற்று முழுக்க யோசித்தேன். 13ஆம் தேதி எழுதியதை அப்படியே விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். ஆக்டிவ் என்று ஒரு பெரிய ஆய்வு உண்டு. 65 வயதைத் தாண்டிய 2,832 பேருக்கு மூன்று விதப் பயிற்சி: நினைவு, தர்க்கம், பார்த்ததைச் சட்டென்று இனம் காணும் வேகம். பத்து வருடம் கழித்தும் தர்க்கமும் வேகமும் பழகியவர்களுக்கு அந்தந்தத் திறமை ஓரளவு மிச்சமிருந்தது. நினைவுப் பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் பலன் கரைந்துவிட்டது. கடைகண்ணிக்குப் போவது, மாத்திரையைச் சரியாக எடுப்பது மாதிரி அன்றாட வேலைகளில் சிரமம் குறைவு என்று பயிற்சி எடுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே எல்லாப் பயிற்சியும் வீண் என்று நான் சொல்லவில்லை. பிடித்திருந்தால் சுடோகு போடட்டும். மருந்து மாதிரி வாயில் திணிக்காதீர்கள்.

2 ஜூலை

காது விஷயம். எங்கள் வீட்டுக்காரருக்கு மறதி என்று மூன்று நான்கு வருடம் சண்டை போட்டிருக்கிறேன். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேனே?" "சொல்லவே இல்லையே." இதுதான் தினப்படி பாட்டு. கடைசியில் மகன் இழுத்துக்கொண்டு போய்க் காதுப் பரிசோதனை செய்தான். கட்டையான குரல் எல்லாம் கேட்கிறது. ச, த, ப மாதிரி மெல்லிய ஒலிகள்தான் போயிருக்கின்றன. மனிதர் மறக்கவில்லை. நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரைகுறையாகக் கேட்பதை வார்த்தையாகச் சேர்ப்பதிலேயே மூளை களைத்துப்போகும். நினைவில் பதிக்க எதுவும் மிஞ்சாது. அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போகப் பிடிக்காது, பேச்சு குறையும். மறதி நோயை (டிமென்ஷியாவை)த் தள்ளிப்போட வழியுள்ள காரணங்களில் காது கேளாமைக்கு லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பெரிய இடம் கொடுத்திருப்பது சும்மா இல்லை.

ஆனால் காது மிஷின் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை மூன்று வருடம் கவனித்த ஆய்வு வந்தது. மிஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே இதய நோய் ஆய்வு ஒன்றில் இருந்த, ஆபத்து அதிகமுள்ள பிரிவினரை மட்டும் பார்த்தால், மிஷினால் நினைவும் யோசனைத் திறனும் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது.

எங்கள் வீட்டு மிஷின் பீரோவில் இருக்கிறது. விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும், என் பட்டுப்புடவையோடு.

5 ஜூலை

பெயர் மறப்பதற்கு ரொம்பப் பயப்படாதீர்கள். முகம் நினைவிருக்கும், என்ன வேலை, எந்த ஊர், யார் வீட்டுச் சம்பந்தி என்பதெல்லாம் நினைவிருக்கும், பெயர் மட்டும் நின்றுவிடும். ஒருவர் தச்சர் என்று தெரிந்தால் மரம், உளி, வீட்டு நிலை என்று பிடித்து ஏற ஏதாவது கிடைக்கும். பெயரில் அப்படி எதுவும் இல்லை, வெறும் ஒலி. வயதானால் மூளையின் வேகம் குறைவது இயல்பு. ஆனால் சொல்வளம் அறுபதைத் தாண்டியும் கூடிக்கொண்டுதான் போகிறது. அரை மணி கழித்துக் குளிக்கும்போது அந்தப் பெயர் தானாக வந்தால் நீங்கள் நலம்.

அடுப்படிக்குப் போய் "எதுக்கு வந்தேன்?" என்று நிற்பதும் அப்படித்தான். வாசலைத் தாண்டும்போது மனம் பழைய அறையின் விஷயத்தை மூடி வைத்துவிடுகிறது என்று 2011இல் கல்லூரிப் பிள்ளைகளை வைத்தே காட்டினார்கள். இருபது வயதுக்கும் இதே கதிதான்.

9 ஜூலை

"அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்?" என்று கேட்டவருக்கு.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மார்கழி முழுக்க வாசல் நிறையச் சிக்குக் கோலம் போடுவாள். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. புள்ளி வைத்துவிட்டால் கையை எடுக்காமல் வளைத்துக்கொண்டு போய், தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பாள். ஒரு வருடம் வடக்கு மூலையில் கோடு சேரவில்லை. அங்கே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் காலால் அழித்துவிட்டு ஒரு தாமரையைப் போட்டு மறைத்தாள். "கண்ணு சரியாத் தெரியலட்டி" என்றாள். நாங்களும் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனோம். புரை எடுத்தும் கோடு சேரவில்லை. அடுத்த தை மாதத்தில் சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்தை எப்போது போடுவது என்று என் மதினியிடம் கேட்டாள். ஊருக்கே பொங்கல் வைத்துக் கொடுத்தவள்.

ஒரு வருடம் கழித்து நரம்பியல் டாக்டர் ஒரு வட்டம் வரைந்து, கடிகாரம் மாதிரி எண்கள் போட்டு, பதினொன்று பத்து காட்டச் சொன்னார். எல்லா எண்களும் வலது பக்கத்திலேயே குவிந்துவிட்டன. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோலம் ஞாபகம் வந்தது.

சாவியை வைத்த இடம் மறந்தால் பரவாயில்லை. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் வரிசை குழம்பினால், பழகிய தெருவில் வழி தப்பினால், காசுக் கணக்கு பிடிபடாமல் போனால், சொன்னதையே பத்து நிமிடத்தில் புதிதாகச் சொன்னால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

10 ஜூலை

மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப் பிதற்றினால், அது மெல்ல வரும் மறதி நோய் இல்லை. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், தண்ணீர் குடிக்காதது, சோடியம் குறைவது என்று ஏதாவது ஒன்று இருக்கும். சில பிரஷர் மாத்திரைகளாலும் சோடியம் இறங்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

21 ஜூலை

ரத்தம், மாத்திரை. டாக்டர்கள் வழக்கமாகப் பார்ப்பது தைராய்டு, சர்க்கரை, சோடியம், வைட்டமின் பி12. பி12 நமக்கு முக்கியம். சைவச் சாப்பாட்டில் பால், தயிரை விட்டால் அது கிடைக்க வழியில்லை. வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, இருப்பதும் உடம்பில் ஏறாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை என்று வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் இறங்கும். மில்லிலிட்டருக்கு 200 பைக்கோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. கால் மரத்துப்போகும், மனம் மந்தமாகும். ஊசியிலோ மாத்திரையிலோ ஏற்றிவிடலாம்.

அப்புறம் மறதியையே கொண்டுவரும் மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் சில மருந்துகள், தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம். இவை எல்லாம் வயதானவர்களுக்கு மூளையை மங்க வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். மூன்று டாக்டர்கள் தனித்தனியாக எழுதியது அங்கேதான் ஒன்றாகத் தெரியும்.

3 ஆகஸ்ட்

வல்லாரை கேட்டவர்கள் அதிகம். வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும், உளுத்தம்பருப்பும் புளியும் சேர்த்து அரைத்தால் இரண்டு கவளம் கூட இறங்கும். அதோடு விடுங்கள். பிரமி என்று பாட்டிலில் விற்கிறார்களே, அது சில கடைகளில் வல்லாரையாகவும் சிலவற்றில் நீர்ப்பிரமியாகவும் இருக்கும். இரண்டும் வேறு வேறு செடி. எது உள்ளே இருக்கிறது என்று லேபிளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வெளிநாட்டு மருமகள் அனுப்பும் கிங்கோ மாத்திரைக்கு நல்ல சோதனையே நடந்திருக்கிறது. 3,069 பேர், தினம் இரண்டு வேளை, பல வருடம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் மறதி நோய் வருவதில் வித்தியாசம் இல்லை என்று 2008இல் சொல்லிவிட்டார்கள்.

4 ஆகஸ்ட்

வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "துவையல் அரைக்கிறேன்னு போன வாரமே சொன்னியே?" என்கிறார். காது கேட்கிறது போல.

17 ஆகஸ்ட்

"புது மொழி படித்தால்?" என்ற கேள்விக்கு ஹைதராபாத்தில் நடந்த ஆய்வு ஒன்று சுவாரசியமானது. மறதி நோயோடு மருத்துவமனைக்கு வந்த 648 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தார் டாக்டர் சுவர்ணா அல்லாடியின் குழு. 2013இல் வெளிவந்தது. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு, ஒரே மொழி பேசுகிறவர்களைவிடச் சுமார் நாலரை வருடம் பிந்தியே நோய் தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதே வித்தியாசம். தெலுங்கும் உருதும் இந்தியும் கடைத்தெருவில் கலந்து புழங்கும் ஊர் அது. சும்மா இருக்கும்போதே மூளை ஒரு மொழியை அடக்கி இன்னொன்றை எடுத்துக்கொண்டிருக்கும்.

அறுபதில் உட்கார்ந்து இலக்கணப் புத்தகம் படித்தால் அதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அது வாழ்நாள் பழக்கம். எங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று மொழி தெரியும், மூன்றிலும் பேச மாட்டார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

23 ஆகஸ்ட்

அக்கித் தடுப்பூசி பற்றித் தனியாகக் கேட்டவருக்குச் சுருக்கமாக. வேல்ஸ் நாட்டில் 1933 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் ஊசி என்று விதி வைத்தார்கள். ஒரு வாரம் முன்னால் பிறந்தவருக்குக் கிடையாது. இரண்டு பக்கத்தாரையும் ஏழு வருடம் ஒப்பிட்டதில், ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது. அது பழைய ரக ஊசி. நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். விலையைக் கேட்டதும்தான் அக்கி வந்தமாதிரி இருந்தது.

6 செப்டம்பர்

பேச்சு எங்கேயோ போகிறது, போகட்டும். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச்சில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். அவதானம் என்றால் ஒருவர் முதுகில் பூவோ கல்லோ எறிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் மணி அடிப்பார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார். முடிவில் எத்தனை கல், எத்தனை மணி, வெண்பா என்ன என்று எல்லாவற்றுக்கும் பதில் வரவேண்டும்.

இதை நினைவாற்றல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் என்ற முறையில் எனக்கு அது கவனமாகத்தான் படுகிறது. ஒவ்வொரு கல்லும் விழும்போது அதைக் கவனித்தால்தான் எண்ணிக்கை நிற்கும். எங்கள் போர்டிலும் அதேதான். விளக்கு எரிவதைப் பார்க்காவிட்டால் கால் போச்சு. பாலை அடுப்பில் வைத்ததை நான் மறக்கிறேன் என்று சொல்வதே சரியில்லை. வைக்கும்போது என் மனம் வாட்ஸ்அப்பில் இருந்தது. பதியாததை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் பாவலரும் குடையை வைத்த இடத்தைத் தேடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டால் ஆறுதலாக இருக்கிறது.

14 செப்டம்பர்

நான் இப்போது செய்வது. அடுப்பை அணைக்கும்போது "அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பேரன் கேலி செய்கிறான். கண்ணாடிக்கும் சாவிக்கும் டிவி மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம், வேறு எங்கும் வைக்க அனுமதி இல்லை. மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா. காய்கறிக்குச் சீட்டு. சீட்டு எழுதினால் மூளை சோம்பேறியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எக்ஸ்சேஞ்சில் அத்தனை எண் தெரிந்த நாங்களும் ஒவ்வொரு காலுக்கும் டிக்கெட் எழுதாமல் இருந்ததில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணின் பெயருக்கு வேறு உபாயம் செய்தேன். கேட்டதும் ஒரு தடவை சொல்லிக் கூப்பிட்டேன். மாடி ஏறியதும் பார்க்காமல் நினைவுபடுத்தினேன். சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து இழுப்பதுதான் நிற்கும் என்று மாணவர்களிடம் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. இப்போது அவளைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். அவளுக்குத்தான் "கண்ணு" போய்விட்டதில் வருத்தம்.

2 அக்டோபர்

நடை பற்றி எழுதாமல் விட்டால் என் மகன் சண்டைக்கு வருவான். 120 முதியவர்களில் பாதிப்பேரை ஒரு வருடம் நடக்க வைத்தார்கள், மீதிப்பேருக்கு உடம்பை வளைக்கும் பயிற்சி. நடந்தவர்களுக்கு நினைவுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. 2011இல் வந்தது. நான் தாமிரபரணிக் கரையில் மதினியோடு நடக்கிறேன். காலைவிட வாய்தான் அதிகம் நடக்கும்.

லான்செட் குழு 2024இல் 14 காரணங்களைச் சொன்னது. படிப்பு, காது, கண், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, தலைக்காயம், தனிமை, காற்று மாசு என்று போகிறது. எல்லாவற்றையும் சரிசெய்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அது ஊர் முழுக்கச் சேர்த்துப் போட்ட கணக்கு, தனி ஆளுக்குக் கொடுத்த உத்தரவாதம் இல்லை. மீதி 55 அப்படியே இருக்கிறது. "உங்க அம்மா சுறுசுறுப்பா இருந்திருந்தா வந்திருக்காது" என்று என்னிடம் ஒரு சொந்தக்காரர் சொன்னார். நாலு மணிக்கு எழுந்து கோலம் போட்டவளைப் பற்றி. அந்த வீட்டுக்கு நான் இப்போது போவதில்லை.

19 அக்டோபர்

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு பி12 குறைவு, ஊசி ஓடுகிறது. இடது காதில் அழுக்கு கட்டியாக அடைத்திருந்ததை எடுத்தாயிற்று. கொஞ்சம் தெளிவு, ஆனால் கதை மட்டும் நிற்கவில்லை, அடுத்த வாரம் நினைவுப் பரிசோதனைக்குப் போகிறார்கள். நல்லது.

கதை பற்றி: சொல்லிவிட்டோம் என்றே தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே ருசித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். முதலாவதானால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டாவதானால் அவர் மின்வாரியத்துக்காரர், புயலில் கம்பம் சாய்ந்த கதையாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

பரிசோதனைக்கு ஒரு விஷயம். 30 மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள்: என்ன தேதி, என்ன ஊர், மூன்று பொருளின் பெயர், நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது. அம்மாவிடம் மாதம் கேட்டபோது "ஐப்பசி, சஷ்டி விரதம் நடக்கு" என்றாள், அது சரி. தேதி கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அடுத்த கேள்விக்கும் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். நீங்கள் கவனித்ததை எல்லாம் எந்த மாதத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே போனதும் அப்பாவுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள்.